தொண்டியாருக்கு முன்பே இருந்த தண்டையார்பேட்டை

தண்டையார்பேட்டைக்கு ஏன் அந்தப் பெயர் என்று வட சென்னையில் கேட்டால், பெரும்பாலும் வரும் பதில் குணங்குடி மஸ்தான் சாகிபு. தொண்டிக்கு அருகே பிறந்த சூஃபிப் புலவர் அவர். இங்கே வந்து தங்கியவரை மக்கள் 'தொண்டியார்' என்று அழைத்தார்களாம். தொண்டியார்பேட்டை மருவித் தண்டையார்பேட்டை ஆனதாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. காலக்கணக்குதான் இடிக்கிறது. சாகிபு பிறந்தது 1792இல். எழும்பூர், புரசைவாக்கத்தோடு தண்டையார்பேட்டையும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது 1693இல்.

ஆனாலும் கதை சாகவில்லை. 'ஆர்' என்பது மரியாதை விகுதி. அது காதில் விழுந்ததுமே மனம் ஒரு பெரியவரைத் தேடத் தொடங்கிவிடுகிறது. பக்கத்திலேயே தர்காவோடு ஒரு மகான் இருந்தால் கேட்கவா வேண்டும்? இதைத்தான் மொழியியலில் நாட்டார் சொற்பிறப்பு என்கிறார்கள். பொருள் மங்கிப்போன பெயருக்குத் தெரிந்த சொல்லைக் கொண்டு பொருள் ஏற்றுவது அது. புளியந்தோப்புக்கு யாரும் புராணம் கட்டவில்லை, தேவை இல்லை. வண்ணாரப்பேட்டையும் அப்படியே: கம்பெனியின் ஏற்றுமதித் துணிகளை வெளுத்தவர்கள் வாழ்ந்த பேட்டை, அவ்வளவுதான்.

திருவொற்றியூர் சற்றுச் சிக்கலானது. ஊழிக்கால வெள்ளத்தை இறைவன் ஒற்றிப் போகச் செய்தார் என்கிறது தலபுராணம். அடமானம் என்ற பொருளும் 'ஒற்றி'க்கு உண்டு. அப்பரும் சம்பந்தரும் பாடியபோதே அந்தப் பெயர் இருந்ததால், இங்கே ஆண்டைக் காட்டி யாரையும் மடக்க முடியாது.

கதை எதுவும் இல்லாமல், உதட்டின் சோம்பலாலேயே மாறும் பெயர்களும் உண்டு. 'பாக்கம்' என்று சொல்லிப் பாருங்கள். 'ப' ஒலிக்க இரண்டு உதடுகளும் முழுதாக மூடித் திறக்க வேண்டும். முன்னும் பின்னும் உயிரொலி இருந்து, வேகமாகவும் பேசினால், உதடுகள் ஒட்டுவதற்குள் காற்று கசிந்துவிடும். 'ப' போய் 'வ' வரும். புரசைவாக்கம், வில்லிவாக்கம் எல்லாவற்றிலும் ஒளிந்திருப்பது பாக்கம்தான். பல்லவபுரம் பல்லாவரமானதும் இதே வழியில்தான். இது ஒழுங்கான விதி. ஓர் ஊரில் நடந்தால் அடுத்த ஊரிலும் எதிர்பார்க்கலாம். நாட்டார் கதையில் அந்த ஒழுங்கைத் தேட முடியாது.

வேடிக்கை என்னவென்றால், இரண்டும் கைகோத்துக்கொள்ளும். 'புரம்' தேய்ந்து 'வரம்' ஆனதும் அது கேட்டுப் பெறும் வரமாகவே காதில் விழுகிறது. மாதவரத்தில் முனிவர்கள் மாதவம் செய்தார்கள் என்ற கதை ஊன்றிக்கொள்ள அது போதும்.