ப்ரோட்டீன் ஸ்கிம்மருக்குத் தமிழில் என்ன பெயர்?

ப்ரோட்டீன் ஸ்கிம்மர், பெயர்ச்சொல். கடல்நீர் மீன் தொட்டியில் பொடிப்பொடியான காற்றுக் குமிழிகளை நீருக்குள் செலுத்தி, அவற்றின்மேல் ஒட்டும் கரிமக் கழிவை நுரையாக மேலேற்றி, ஒரு கிண்ணத்தில் சேர்த்து வெளியேற்றும் கருவி. சென்னை கொளத்தூரின் வளர்ப்பு மீன் கடைகளில் ‘ஸ்கிம்மர்’ என்று சொன்னாலே எடுத்துக் காட்டுவார்கள். பவளமும் கடல்மீனும் வளர்ப்பவர் வீட்டில், தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் இருக்கும் சம்ப் என்ற துணைத் தொட்டியில் நின்றபடி இரவு பகலாக இரைந்துகொண்டிருப்பது இதுதான்.

அகராதிக்கு இது போதும். தொட்டி வைத்திருப்பவருக்குப் போதாது. இந்தக் கருவிக்கு வீட்டுக்கு வெளியிலிருந்து காற்றுக் குழாய் போட வேண்டும் என்று அனுபவசாலிகள் சொல்லும்போது, புதிதாக வந்தவர் விழிப்பதற்குப் பாதிக் காரணம் இந்தப் பெயர். புரதம் எடுக்கும் கருவிக்கு எந்தக் காற்று போனால் என்ன என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஆங்கில ‘ஸ்கிம்’ பழைய பிரெஞ்சுச் சொல் வழியாக வந்தது. அங்கே அதன் வேர் நுரையைக் குறித்தது. அழுக்குப் படலத்தைக் குறிக்கும் ‘ஸ்கம்’ என்பதும் இதே குடும்பம்தான். ஆக, தொடக்கத்தில் ‘ஸ்கிம்’ என்றால் கொதிக்கும் பானையின் மேலே திரளும் நுரையை வழித்தெடுப்பது. பிறகு பொருள் விரிந்தது. பாலில் ஏடு எடுப்பது, நீச்சல் குளத்தில் மிதக்கும் இலையை அள்ளுவது, செய்தித்தாளை மேலோட்டமாகப் புரட்டுவது எல்லாமே ஆங்கிலத்தில் ‘ஸ்கிம்’ ஆயின. சொல்லுக்குள் இருந்த நுரை மறைந்து, மேற்பரப்பு மட்டும் மிஞ்சியது. பிரெஞ்சில் இன்னும் நுரை போகவில்லை. அவர்கள் இந்தக் கருவியை ‘எக்யூமர்’ என்கிறார்கள். நுரை வழிப்பது என்று பொருள். கடற்கொள்ளையரையும் ‘கடலின் எக்யூமர்’ என்று அழைத்த மொழி அது. கடலின்மேல் மிதப்பதையெல்லாம் வழித்துக்கொண்டு போனவர்கள்!

கருவி வீட்டுத் தொட்டிகளுக்குள் வந்தது ஜெர்மனியில். 1960-களில் எர்வின் சாண்டர் போன்றவர்கள் அதைப் பரப்பினார்கள். லிண்டன் மரக்கட்டை வழியாகக் காற்றைப் பிதுக்கிக் குமிழி உண்டாக்கும் எளிய குழாய்தான் அப்போதைய வடிவம். பின்னால் உயிருள்ள பாறை (நுண்ணுயிர்கள் குடியிருக்கும் கடற்பாறை), பலத்த விளக்கு, பெரிய ஸ்கிம்மர் என்ற மூன்றையும் நம்பி நடக்கும் ‘பெர்லின் முறை’ உலகெங்கும் பரவியபோது கருவியும் கூடவே பரவியது. ஜெர்மன் பெயர் ‘ஐவைஸ்அப்ஷாய்மர்’. ‘ஷாவ்ம்’ என்றால் நுரை. ‘ஐவைஸ்’ என்றால் முட்டையின் வெள்ளைக்கரு. அதே சொல்தான் அங்கே புரதத்துக்கும். வெள்ளைக்கருவை அடித்தால் நுரை கட்டி நிற்பதை அறிந்த எவருக்கும் அந்தப் பெயரே கருவியைப் புரியவைத்துவிடும். ஆங்கிலத்தில் அது ‘ப்ரோட்டீன் ஸ்கிம்மர்’ ஆனபோது முட்டையும் போயிற்று, நுரையும் மங்கிற்று.

‘ப்ரோட்டீன்’ என்ற சொல் 1838-ல் டச்சு வேதியியலர் முல்டர் எழுதிய கட்டுரையில் வந்தது. பெயரை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஸ்வீடனின் பெர்சிலியஸ். ‘முதன்மையானது’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தார்கள். தமிழ்ப் ‘புரதம்’ அந்த ஒலியை ஒட்டியே அமைந்தது.

கருவி எடுப்பது புரதத்தை மட்டுமா என்றால், இல்லை. ஒரு முனை நீரை விரும்பி, மறுமுனை நீரை வெறுக்கும் மூலக்கூறுகள் எல்லாமே இதற்கு இரை. குமிழி ஒன்று நீருக்குள் வந்ததும் இவை ஓடிப்போய் அதன் தோலில் ஒட்டிக்கொள்ளும். வெறுக்கும் முனை காற்றுப் பக்கம், விரும்பும் முனை நீர்ப் பக்கம். புரதம் அப்படி ஒட்டும். கொழுப்பு அமிலங்களும் ஒட்டும். நுரையோடு சேர்ந்து பாக்டீரியாவும் பாசித் துணுக்கும் மேலேறும். ஆனால் அம்மோனியா, நைட்ரேட் போன்றவற்றை ஸ்கிம்மர் நேரடியாக எடுப்பதில்லை. அவையாக அழுகி மாறுவதற்கு முன்பே கழிவை வெளியே தள்ளுவதுதான் அதன் பயன். அதிலும் அளவுக்கு மீறி எதிர்பார்க்கக் கூடாது. அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழக வேதியியலர் ஒருவர் பலவகை ஸ்கிம்மர்களை வைத்து அளந்தபோது, நீரிலுள்ள மொத்தக் கரிமக் கரியில் ஏறத்தாழ 20 முதல் 35 சதவீதம் வரைதான் வெளியேறியது. கிண்ணத்தில் கறுத்த டீ போல நாற்றத்தோடு நிறைவதைப் பார்த்துவிட்டு எல்லாம் போய்விட்டது என்று நினைப்பது மனித இயல்பு.

நன்னீர்த் தொட்டிக்கு இது ஏன் ஆகாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். உப்புநீரில் குமிழிகள் ஒன்றோடொன்று கூடிப் பெரிதாவதில்லை. பொடியாகவே நின்று பால்போல் வெளுத்துத் தெரியும். நன்னீரில் சட்டென்று சேர்ந்து பெருத்து மேலே ஓடிவிடும். கப்பி மீனுக்கு ஸ்கிம்மர் வாங்க வேண்டாம்.

இனித் தமிழ்ப் பெயர். ‘புரத வடிகட்டி’ என்று சொல்லிப் பார்க்கலாம். வடிகட்டி என்றால் துணியோ வலையோ இருக்க வேண்டும். இதில் இரண்டும் கிடையாது. ‘நுரை நீக்கி’ அதைவிட மோசம். நுரை வராமல் தடுப்பதற்கு ஆலைகளில் ஊற்றும் மருந்துக்கே அந்தப் பெயர் பொருந்தும். இந்தக் கருவியோ நுரையை உண்டாக்கித்தான் பிழைக்கிறது. ‘புரதம் நீக்கி’யும் தள்ளுபடி, காரணம் மேலே வந்துவிட்டது. வேதிப் பொறியியலில் இந்த வேலையை நுரையைக் கொண்டு பிரித்தல் என்றே வகைப்படுத்துகிறார்கள். அதை ஒட்டி ‘நுரைப்பிரிப்பான்’ என்பதே என் தேர்வு. நுரையால் பிரிப்பது என்றும் விரிக்கலாம், நுரையைப் பிரிப்பது என்றும் விரிக்கலாம். எந்த வேற்றுமை உருபைப் போட்டாலும் பொருள் கெடவில்லை, ஏனென்றால் கருவி இரண்டையும் செய்கிறது. தொகைச் சொல்லில் பொதுவாகக் குறையாகும் இந்த ஐயம் இங்கே வரவு. பேச்சில் ஸ்கிம்மர் ஸ்கிம்மராகவே இருக்கட்டும்; கடைக்காரரிடம் போய் நுரைப்பிரிப்பான் கேட்டால் ஷேவிங் சாமான் கடைக்கு வழி காட்டுவார்.

நுரை என்றதும் வேறொரு சொல்லும் கூடவே வருகிறது: நுரையீரல். நுரைபோல் காற்றும் தசையுமாகப் பொதபொதவென்று இருக்கும் ஈரல். மெல்லிய தோலின் ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் நீர்மம். நடுவே வாயுக்கள் கைமாறும். ஸ்கிம்மர் குமிழியில் நடப்பதும் இதுவேதான். ஒரு நடுத்தர ஸ்கிம்மர் மணிக்குச் சில நூறு லிட்டர் காற்றை இழுத்து, நீரோடு கலந்து, வெளியே விடுகிறது. பெரும்பாலும் தொட்டி நீரின் அளவுக்கு நிகரான காற்று, அதுவும் ஒவ்வொரு மணி நேரமும். கழிவு எடுப்பது ஒரு வேலை என்றால் தொட்டிக்காக மூச்சு விடுவது இன்னொரு வேலை. ‘ப்ரோட்டீன் ஸ்கிம்மர்’ என்ற பெயர் இதைச் சொல்வதே இல்லை. தமிழில் நுரை என்று வைத்தால் மூச்சும் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

மூச்சு என்றால் எந்தக் காற்று என்ற கேள்வி வரும். வெளிக்காற்றில் கரியமில வாயு இப்போது பத்து லட்சத்துக்கு சுமார் 420 பங்கு. சன்னலைச் சாத்தி ஏசி போட்டு இருவர் உறங்கும் அறையில் அது 1000-ஐத் தாண்டுவது சாதாரணம். விடியும்போது 2000-ஐத் தொட்டாலும் வியப்பில்லை. ஸ்ப்ளிட் ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையேதான் சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது, வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. ஹாலில் தொட்டி இருந்து, பக்கத்தில் கேஸ் அடுப்பும் எரிந்தால் கேட்கவே வேண்டாம்.

கரியமில வாயு என்ற நம் பழைய பெயரைப் பிரித்துப் பாருங்கள்: கரி, அமிலம், வாயு. கார்பானிக் அமிலம் தரும் வாயு என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு வேதியியல் சொன்னதை அப்படியே ஏந்திய பெயர். பாடநூல்கள் கார்பன் டை ஆக்சைடு என்கின்றன, இலங்கையில் காபனீரொட்சைட்டு. இரண்டும் அணுக்கணக்கில் துல்லியம். ஆனால் அந்த வாயு நீரில் கரைந்தால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே சொல்வது கரியமில வாயுதான். கரையும், அமிலமாகும், பி.எச். இறங்கும். காரத்திறன், அதாவது அமிலத்தை ஈடுகட்டும் திறன், மாறாமலிருக்க, நீரோடு சமநிலையில் இருக்கும் காற்றில் இந்த வாயு இரட்டித்தால் கடல்நீரின் பி.எச். சுமார் 0.3 குறையும். வெளிக்காற்றில் 8.2 காட்டும் அதே நீர், அடைபட்ட அறையில் 7.9-ஐ நோக்கிப் போகும். எண் சின்னதாகத் தெரியலாம். பி.எச். மடக்கை அளவு என்பதால் 0.3 என்பது ஹைட்ரஜன் அயனி இரட்டிப்பாவதற்குச் சமம். சுண்ணாம்பால் எலும்புக்கூடு கட்டும் பவளத்துக்கு அது பெரிய சுமை. பெருங்கடல்களின் மேல்நீரும் தொழிற்புரட்சிக்குப் பிறகு சராசரியாக 8.2-லிருந்து 8.1-க்கு இறங்கியிருக்கிறது, காரணம் இதே வேதியியல். இதையொட்டி ஒரு சட்டச் செய்தி: கடினப் பவளங்கள் 2001 முதல் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. மன்னார் வளைகுடாவிலிருந்து யாராவது ஒரு துண்டு கொண்டுவந்து நீட்டினால் வாங்கக் கூடாது.

பி.எச். குறைவாகக் காட்டினால் உடனே அதை ஏற்றும் பொடியை வாங்கிக் கொட்டுவார்கள் பலர். அதற்குமுன் ஒரு எளிய சோதனை. ஒரு டம்ளர் தொட்டி நீரை எடுத்து பி.எச். பாருங்கள். டம்ளரையும் ஒரு சிறிய ஏர் மோட்டாரையும் பால்கனிக்குக் கொண்டுபோய் ஒரு மணி நேரம் குமிழியிட்டுவிட்டு மறுபடி பாருங்கள். எண் நன்றாக ஏறியிருந்தால் நீரில் கோளாறில்லை, வீட்டுக் காற்றில்தான். இன்னொரு டம்ளரை வீட்டுக்குள்ளேயே வைத்து அதே மாதிரி செய்து ஒப்பிட்டால் ஐயமே இருக்காது. விளக்கு எரியும் நேரத்தில் பாசியும் பவளமும் இந்த வாயுவை உண்பதால் பி.எச். ஏறும், விடியலுக்குச் சற்று முன் அடிமட்டத்தில் இருக்கும். ஆகவே எந்த நேரத்தில் எடுத்தீர்கள் என்று குறித்துவையுங்கள்.

தீர்வு, ஸ்கிம்மரின் காற்று நுழைவாயில் ஒரு குழாயைச் செருகி மறுமுனையைச் சன்னலுக்கு வெளியே விடுவது. ஆங்கிலத்தில் இதை ‘ஃப்ரெஷ் ஏர்’ என்கிறார்கள். தமிழில் ‘தூய காற்று’ என்று எழுதுவது தவறான நம்பிக்கையைத் தரும். சென்னைத் தெருக் காற்று தூயதும் அல்ல, புதியதும் அல்ல. அதில் கரியமில வாயு குறைவு, அவ்வளவுதான். ‘வெளிக்காற்று’ என்பதே நேர்மையான சொல். குழாய்க்கும் பெயர் தேடி அலைய வேண்டாம். சன்னலுக்குக் ‘காலதர்’ என்று ஒரு பழஞ்சொல் உண்டு. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. அழகான சொல்தான், ஆனால் ஹார்டுவேர் கடையில் ‘காற்றுக்குழாய்’தான் கிடைக்கும்.

அந்தக் குழாய் விஷயத்தில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். மீன் கடையில் கிடைக்கும் மெல்லிய ஏர் டியூபை ஐந்தாறு மீட்டர் இழுத்தால் ஸ்கிம்மர் திணறும். இப்போதைய ஸ்கிம்மர்கள் பெரும்பாலானவற்றில் காற்றை ஊதும் தனி இயந்திரம் கிடையாது. வேகமாக ஓடும் நீர் உண்டாக்கும் தாழ்வழுத்தத்தால் காற்று தானாக உள்ளே இழுபடுகிறது. இத்தாலியரான வெஞ்சுரி 1797-ல் விவரித்த விளைவு இது. அந்த இழுவிசை சொற்பம். குழாயின் உள்விட்டத்தை இரட்டித்தால் காற்றுக்கு ஏற்படும் தடை குறைந்தது 16 மடங்கு குறையும். எனவே நெடுந்தூரத்துக்கு அரை அங்குல பி.வி.சி., கடைசி ஒரு சாண் மட்டும் மெல்லிய டியூப். காற்று குறைந்தால் நுரை மட்டம் மாறி, கிண்ணம் நாள்கணக்கில் காய்ந்து கிடக்கும். குழாய் போட்ட அன்றே நுரை மட்டத்தை அமைக்கும் திருகைச் சரிசெய்ய வேண்டியிருக்கும். வெளிமுனை மழை இறங்காதபடி கீழ்நோக்கி வளைந்திருக்க வேண்டும், பூச்சி நுழையாமல் ஒரு வலையும் வேண்டும். நடுவில் எங்காவது குழாய் தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே ஏறி இறங்கட்டும். மின்சாரம் போகும்போது நீர் பின்வாங்கி வழிவதை அது தடுக்கும்.

எதற்கும் அஞ்சாவிட்டாலும் கொசு மருந்துப் புகைக்கு அஞ்சுங்கள். அதிலுள்ள பூச்சிக்கொல்லி மீனுக்கும், அதைவிட அதிகமாக இறாலுக்கும் நண்டுக்கும் நஞ்சு. குழாய் வழியாக நேரே நீருக்குள் கலந்துவிடும். தெருமுனையில் புகை வண்டிச் சத்தம் கேட்டதும் வெளிக்குழாயைக் கழற்றிவிட்டு அறைக்காற்றில் ஓடவிடுங்கள். பக்கத்து வீட்டில் பெயிண்ட் அடிக்கும்போதும் தீபாவளி இரவிலும் இதேதான்.

வாடகை வீடு, சுவரில் ஓட்டை போட முடியாது என்பவர்களுக்கு வேறொரு வழி: சோடா சுண்ணாம்பு நிரப்பிய குடுவை வழியாக அறைக்காற்றையே அனுப்புவது. ஆங்கிலத்தில் ‘ஸ்க்ரப்பர்’, அதாவது தேய்த்துக் கழுவுவது. உண்மையில் அங்கே எதுவும் தேய்ப்பதில்லை. சுண்ணாம்பு அந்த வாயுவை வேதிமாற்றத்தால் பிடித்துக்கொள்கிறது. ‘கரியமில உறிஞ்சி’ என்றால் பொருந்தும். நிறம் மாறும் வகையை வாங்கினால், தீர்ந்துபோன மணிகள் பெரும்பாலும் ஊதா நிறமாகும். குடுவை முழுக்க நிறம் மாறியதும் புதிதாக நிரப்ப வேண்டும். சன்னலைத் திறந்து வைப்பவர்களுக்கு இந்தச் செலவும் இல்லை.