தபாலில் வரும் மலப் பரிசோதனை: இங்கிலாந்தின் குடல் புற்றுநோய்த் திட்டத்தைப் புரிந்துகொள்வது

இங்கிலாந்தில் ஜி.பி. எனப்படும் குடும்ப மருத்துவர் ஒருவரிடம் பதிவு செய்திருக்கும் 50 முதல் 74 வயதுக்காரர்களுக்கு, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். ஒரு தபால் உறை அனுப்புகிறது. இதற்கு விண்ணப்பிக்க வேண்டியதில்லை, கட்டணமும் இல்லை. ஜி.பி. பதிவேட்டில் உள்ள முகவரிக்குத்தான் வரும் என்பதால், வீடு மாறியவர்கள் அங்கே முகவரியைத் திருத்தியாக வேண்டும். 2006-ல் 60 முதல் 69 வயதுவரை என்று தொடங்கிய திட்டம் இது. பிறகு மேல் வயது 74 ஆனது. 2021 முதல் கீழ் வயதைப் படிப்படியாக 50-க்கு இறக்கினார்கள்.

உறைக்குள் இருப்பது 'ஃபிட்' எனப்படும் மலப் பரிசோதனைக் கிட். பெருங்குடலிலோ மலக்குடலிலோ கட்டி அல்லது பாலிப் (குடலின் உட்சுவரில் வளரும் சிறு சதைத் திரட்சி) இருந்தால் அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அளவில் இரத்தம் கசியலாம். அதைத்தான் இது தேடுகிறது. 2019-க்கு முன்பிருந்த கிட்டில் மூன்று தடவை மலம் எடுத்து அட்டையில் தடவ வேண்டும். இப்போது ஒரே ஒரு தடவை போதும். கழிப்பறைத் தண்ணீரில் படாமல் மலத்தை ஒரு பாத்திரத்திலோ பல மடிப்புக் காகிதத்திலோ பிடித்து, மூடியோடு இணைந்த குச்சியின் வரிப்பள்ளங்கள் நிறையும் அளவுக்குத் தொட்டு, குழாய்க்குள் செருகி மூடிவிட வேண்டும். எடுத்த தேதியை எழுதி, உடன் வரும் உறையில் போட்டு அஞ்சல் செய்யலாம், தபால்தலை தேவையில்லை. முந்தைய நாள் ஆட்டிறைச்சி சாப்பிட்டேனே என்று கவலைப்பட வேண்டாம். இந்தச் சோதனை மனித இரத்தத்தின் புரதத்தை மட்டுமே கண்டுகொள்ளும்.

அருவருப்பாலும் கூச்சத்தாலும் அலமாரியில் தூங்கும் கிட்டுகள் நம் வீடுகளிலும் உண்டு. "எனக்கு ஒன்றுமில்லையே, எதற்கு இது?" என்று அம்மாவோ மாமாவோ கேட்டால் பதில் எளிது: ஒன்றுமில்லாதவர்களுக்காகவே அமைத்த திட்டம் இது. தொடக்க நிலையிலேயே கண்டுபிடிக்கப்பட்ட குடல் புற்றுநோயில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஐந்து ஆண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள்.

முடிவு வழக்கமாக இரண்டு வாரத்துக்குள் கடிதமாக வரும். பெரும்பாலோருக்கு 'இப்போதைக்கு மேற்கொண்டு பரிசோதனை தேவையில்லை' என்றிருக்கும். இந்த 'இப்போதைக்கு' என்ற சொல்லைப் பலர் கவனிப்பதில்லை. கடிதத்தைப் புற்றுநோய் இல்லை என்ற சான்றிதழாக எடுத்துக்கொண்டு, ஆறு மாதம் கழித்து மலத்தில் இரத்தம் போனாலும் மூலநோயாகத்தான் இருக்கும் என்று இருந்துவிடுகிறார்கள். இங்கேதான் ஆபத்து இருக்கிறது. ஃபிட் சோதனை தருவது ஓர் எண்: ஒரு கிராம் மலத்தில் எத்தனை மைக்ரோகிராம் இரத்தப் புரதம் இருக்கிறது என்பது. 2019-ல் இங்கிலாந்து இந்தத் திட்டத்துக்கு வைத்த எல்லை 120. ஸ்காட்லாந்து தன் திட்டத்துக்கு வைத்தது 80. ஆனால் அறிகுறிகளோடு ஜி.பி.யிடம் போகிறவருக்கு அதே ஃபிட் சோதனையைச் செய்யும்போது எல்லை வெறும் 10. அந்த அளவைத் தொட்டாலே அவசரப் பரிந்துரை செய்ய வேண்டும் என்று 2023-ல், சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு வழிகாட்டியது. ஆகவே தபால் சோதனையில் 60 வந்து, 'தேவையில்லை' என்ற கடிதம் பெற்ற ஒருவர், அறிகுறியோடு ஜி.பி.யிடம் போயிருந்தால் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டிருப்பார். கோடிக்கணக்கானோரைச் சலிக்கும் திட்டத்துக்கு எல்லையை உயரத்தில் வைப்பதில் நியாயம் உண்டு. குடலைக் கேமராக் குழாயால் பார்க்கும் கொலோனோஸ்கோபியைச் செய்யும் இடங்களும் கைகளும் அளவோடுதான் இருக்கின்றன. அந்த நியாயம் அறிகுறி உள்ளவருக்குப் பொருந்தாது. மலத்தில் இரத்தம், வாரக்கணக்கில் மாறிப்போன மலப்பழக்கம், காரணமின்றி எடை குறைதல், வயிற்றில் கட்டி, இரும்புச்சத்துக் குறைவால் வந்த இரத்தசோகை ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் அடுத்த கிட்டுக்குக் காத்திருக்கக் கூடாது. வயது ஐம்பதைத் தொடாதவருக்கும் இது பொருந்தும். அவசரப் பரிந்துரை செய்யப்பட்டவருக்கு, புற்றுநோய் உண்டா இல்லையா என்பதை 28 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது என்.எச்.எஸ். தனக்கு விதித்துக்கொண்ட இலக்கு. எல்லா மருத்துவமனையும் அதை எட்டுவதில்லை என்பதால், நாள் கடந்தால் தொலைபேசியில் கேட்கத் தயங்க வேண்டாம்.

'மேற்கொண்டு பரிசோதனை தேவை' என்ற கடிதம் வருவது 100 பேரில் ஏறக்குறைய 2 பேருக்கு. அவர்களிலும் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. முதலில் சிறப்புத் தாதி ஒருவர் பேசுவார். இரத்தம் உறையாமல் இருக்க உண்ணும் மாத்திரை, நீரிழிவு மருந்து, இரும்புச்சத்து மாத்திரை எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட வேண்டும். சிலவற்றை முன்கூட்டியே நிறுத்த வேண்டியிருக்கும். பிறகு கொலோனோஸ்கோபி: கேமரா பொருத்திய மெல்லிய குழாயால் பெருங்குடலை உள்ளிருந்து பார்ப்பது. அதற்கு முதல் நாள் குடிக்கும் பேதி மருந்துதான் பலருக்கும் பெரிய தொல்லை. பாலிப் தென்பட்டால் பெரும்பாலும் அங்கேயே அகற்றி ஆய்வுக்கு அனுப்புவார்கள். அரிதாக இரத்தக்கசிவோ குடல் சுவரில் துளையோ ஏற்படலாம். சம்மதப் படிவத்தில் இதுவும் இருக்கும். கொலோனோஸ்கோபி ஒத்துவராதவருக்கு சி.டி. ஸ்கேன் முறை உண்டு.

ஆங்கிலத்தில் இவற்றைப் பேசத் தடுமாறுபவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் இலவசம். சந்திப்புக்கு முன்பே கேட்டுவிட வேண்டும். மகனை அழைத்துப்போகலாம்தான், ஆனால் மலம், மூலம் என்று மகன் முன்னால் வாய்திறக்காத தந்தையர் உண்டு.

பாலிப் எடுத்தவர்கள் எல்லோருக்கும் தொடர் கொலோனோஸ்கோபி கிடையாது. 2020-ல் வந்த பிரிட்டிஷ் வழிகாட்டுதல்படி, புற்றுநோயாக மாறக்கூடிய பாலிப் ஐந்தோ அதற்கு மேலோ இருந்தவர்களுக்கும், இரண்டோ அதற்கு மேலோ இருந்து அவற்றில் ஒன்றேனும் பெரியதாக (10 மில்லிமீட்டரும் மேலும்) அல்லது செல் மாற்றம் முற்றியதாக இருந்தவர்களுக்கும் மூன்று ஆண்டு கழித்து ஒருமுறை பார்ப்பார்கள். மற்றவர்கள் வழக்கமான கிட்டுக்கே திரும்புவார்கள். லிஞ்ச் நோய்க்குறி என்ற பரம்பரை மரபணு மாற்றம் உள்ளவர்களின் கதை வேறு. மரபணுவைப் பொறுத்து 25 அல்லது 35 வயதிலிருந்தே, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கொலோனோஸ்கோபிக்கு இதே திட்டம் அவர்களை அழைக்கிறது.

புற்றுநோய் உறுதியாகி, அது பரவாத நிலையில் அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்கு முதல் மூன்று ஆண்டுகள் புற்றுநோயைக் காட்டிக்கொடுக்கக்கூடிய சி.இ.ஏ. என்ற புரதத்தை அளக்கும் இரத்தப் பரிசோதனையும், மார்பு, வயிறு, இடுப்பு சி.டி. ஸ்கேனும் இடைவெளி விட்டுத் தொடரும். நோய் திரும்புகிறதா என்று பார்ப்பதற்காக இது. இங்கிலாந்தில் புற்றுநோய் நோயாளிகளுக்கும் அதன் பின்விளைவுகளுக்குச் சிகிச்சை பெறுவோருக்கும் மருந்துச்சீட்டுக் கட்டணம் கிடையாது. 60 வயதாகாதவர்கள் எஃப்.பி. 92ஏ படிவத்தை ஜி.பி.யிடம் கேட்டு விலக்குச் சான்றிதழ் பெற வேண்டும். அது ஐந்து ஆண்டு செல்லும்.

இத்திட்டம் பெருங்குடலோடும் மலக்குடலோடும் நின்றுவிடுகிறது. உணவுக்குழாய்க்கும் இரைப்பைக்கும் பிரிட்டனில் இப்படிப்பட்ட தேசியத் திட்டம் எதுவும் இல்லை. விழுங்கச் சிரமம் என்றால் நேரே ஜி.பி.தான்.

ஊரிலிருந்து வருகை விசாவில் வந்திருக்கும் பெற்றோரைப் பற்றிப் பலர் கேட்பார்கள். ஜி.பி.யைப் பார்க்கக் கட்டணமில்லை. ஆனால் அதன்பின் மருத்துவமனையில் செய்யும் திட்டமிட்ட பரிசோதனைகளுக்குப் பொதுவாக முழுக் கட்டணம், அதுவும் முன்கூட்டியே கேட்பார்கள். இங்கேயே வாழும் 75 வயதைத் தாண்டிய பெரியவர்களுக்கு உறை தானாக வராது. 0800 707 60 60 என்ற இலவச எண்ணை அழைத்து, இரண்டு ஆண்டுக்கு ஒரு கிட் கேட்டு வாங்கலாம்.