உச்சி வெயிலில் போலரைசர் என்ன செய்கிறது?

நிலக்காட்சி எடுக்க விடியற்காலையும் அந்தியும்தான் உகந்தவை என்று எல்லோரும் சொல்வார்கள். பிச்சாவரத்தில் அந்தப் பாடம் உதவாது. படகு பகலில்தான் கிடைக்கும். சுரபுன்னைக் கால்வாய்க்குள் நுழைவதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிடும். எடுத்த படத்தைப் பார்த்தால் தண்ணீர் தகரக் கூரை மாதிரி மின்னும், இலைகள் வெளிறிக் கிடக்கும், வானத்தில் நீலமே இருக்காது.

பழியை வெயிலின் மேல் போடுகிறோம். வெளிச்சம் அதிகம் என்பது கேமராவுக்கு ஒரு பிரச்சினையே இல்லை, ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் போதும். நேர் வெயிலில் சுமார் 1,00,000 லக்ஸ் வெளிச்சம் இருக்க, வேர்களுக்கு அடியில் அதில் சிறு பங்குதான் எட்டுகிறது என்பது ஒரு சங்கடம்தான். ஆனால் நிறத்தைக் கெடுப்பது பளபளப்பு.

ஓர் இலையை உற்றுப் பாருங்கள். அதிலிருந்து இரண்டு வகை ஒளி நம் கண்ணுக்கு வருகிறது. ஒரு பகுதி இலைக்குள் புகுந்து, சிவப்பையும் நீலத்தையும் பச்சையத்துக்குக் கொடுத்துவிட்டு, பச்சையாக வெளியே வருகிறது. இன்னொரு பகுதி உள்ளே போவதே இல்லை. மெழுகுத் தோலில் பட்டு அப்படியே திரும்பிவிடுகிறது. அதன் நிறம் வெயிலின் நிறம், அதாவது வெள்ளை. சென்சார் இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகப் பதிகிறது. பிறகு லைட்ரூம் போன்ற படத்திருத்த மென்பொருளில் சாச்சுரேஷனை, அதாவது நிற அடர்த்தியை, எவ்வளவு இழுத்தாலும், அந்த எண்ணில் வெள்ளை எவ்வளவு, பச்சை எவ்வளவு என்று மென்பொருளால் பிரிக்க முடியாது. பிரிப்பதானால் லென்ஸுக்கு முன்னாலேயே பிரிக்க வேண்டும்.

பிரிக்க வழி இருக்கிறது. ஒளி ஓர் அலை. வெயிலில் அது எல்லாத் திசையிலும் அதிர்கிறது. தண்ணீர், இலை, ஈரப்பாறை போன்றவற்றின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும்போது, அந்தப் பரப்புக்கு இணையான அதிர்வே மேலோங்குகிறது. 1808-இல் பிரெஞ்சுக்காரர் மாலூஸ் இதைக் கண்டுபிடித்தார். எந்தக் கோணத்தில் இது முழுமையாகும் என்ற விதியை 1815-இல் ஸ்காட்லாந்தின் புரூஸ்டர் சொன்னார். தண்ணீருக்கு அது செங்குத்திலிருந்து சுமார் 53 டிகிரி. லென்ஸின் முன்னால் மாட்டிச் சுழற்றும் கண்ணாடியான போலரைசர் ஃபில்டர் ஒரு திசை அதிர்வை மட்டும் விடும். வளையத்தைத் திருப்பிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் பளபளப்பு சட்டென்று அணையும்.

படகில் இதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். கேமரா தண்ணீருக்கு ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தால், சுமார் 1.3 மீட்டர் தள்ளியுள்ள நீரில் பிரதிபலிப்பு ஏறக்குறைய முழுசாக மறையும். தூரம் போகப் போகப் பலன் குறையும். இலைகள் பல பக்கம் சாய்ந்திருப்பதால் எல்லா மினுமினுப்பும் ஒரே திருப்பலில் போகாது. நடுவில் தில்லை மரம் மறைத்தால் கிளையை ஒடிக்கப் போகாதீர்கள். அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து.

நம் ஊர் உச்சி வெயிலுக்கு ஒரு சாதகமும் உண்டு. வானத்து நீல ஒளியும் அதிர்வுத் திசை கொண்டதே. சூரியனிலிருந்து 90 டிகிரி தள்ளிய பட்டையில் அது மிக அதிகம். காலையில் அந்தப் பட்டை வானத்தின் குறுக்கே ஓடுவதால், அகலக் கோண லென்ஸில் வானம் ஒரு பக்கம் கறுத்து ஒரு பக்கம் வெளுக்கும். பிச்சாவரத்தில் ஏப்ரல் 20, ஆகஸ்ட் 23 தேதிகளை ஒட்டி நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட நேர் உச்சியில் நிற்கும். அப்போது பட்டை அடிவானத்தைச் சுற்றி வளையமாக அமைகிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் வானம் இடம் வலம் சீராகக் கறுக்கும். அதன் அதிர்வும் தண்ணீரின் பளபளப்பைப் போலவே கிடைமட்டமானது என்பதால் ஒரே திருப்பலில் இரண்டும் அடங்கும். அடிவானத்தில் புழுதியும் நீராவியும் இருந்தால் இந்த வேலை பாதிதான் நடக்கும். மழை கழுவிய மறுநாள் போவது நல்லது.

இந்த உத்தியைத் திருச்சியில் பிறந்த ஒருவர் கடலின் மேலேயே செய்து பார்த்திருக்கிறார். 1921-இல் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் திரும்பிய சி. வி. ராமன், போலரைசரின் வேலையைச் செய்யும் நிகோல் பட்டகம் ஒன்றின் வழியே கடலைப் பார்த்தார். ஆழ்கடலின் நீலம் வெறும் வானத்தின் பிரதிபலிப்பு என்று ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே சொல்லியிருந்தார். ராமன் பிரதிபலிப்பை வெட்டிப் பார்த்தபோது நீலம் மங்கவில்லை, இன்னும் கூடியது. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று ‘நேச்சர்’ இதழுக்கு எழுதினார்.

மேகமூட்ட நாளில் கதை வேறு. வானம் முழுவதும் ஒரே வெள்ளை விளக்காகிவிடுவதால் நிழல்கள் கரைந்து, தரையில் வெளிச்ச வேறுபாடு குறையும். ஆனால் வானம் தரையைவிடப் பலமடங்கு பிரகாசமாக இருக்கும். அதனால் வானத்தைப் படச்சட்டத்துக்கு வெளியே விடுங்கள். போலரைசரைக் கழற்ற வேண்டாம். மேகத்தைக் கறுக்க வைக்க அதனால் முடியாது, ஈர இலையின் வெள்ளை மினுப்பை அப்போதும் அது உரிக்கும். ஒன்றிலிருந்து இரண்டு ஸ்டாப் வரை, அதாவது பாதியிலிருந்து முக்கால் பங்கு வரை, ஒளியை விழுங்குவதால் கேமராவின் ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓவைக் கொஞ்சம் ஏற்றிக்கொண்டு, “அண்ணே, ஒரு நிமிஷம் துடுப்பை நிறுத்துங்க” என்று சொல்லிவிட்டு எடுங்கள்.