ஒரு ‘கு’ தொலைந்த கதை

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி, பேர் வேண்டாம். செக்கிங் செக்‌ஷனில் நாலு வருசமாக நின்றுகொண்டே பீஸ் பார்த்த ஓர் அம்மிணியை, கணக்கில் கெட்டி என்று, ஆர்டர் வேலையைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசருக்கு உதவியாக மேசையில் உட்கார வைத்தார்கள். முதல் வாரமே பையிங் ஆபீசுக்கு, அதாவது சரக்கு வாங்குகிற ‘பையர்’ சார்பில் ஆர்டரைப் பார்த்துக்கொள்ளும் ஆபீசுக்கு, ஒரு மெயில் போட வேண்டி வந்தது. சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: ‘பையருக்குச் சாம்பிள் அனுப்பியாச்சு.’ அம்மிணி அதை வார்த்தைக்கு வார்த்தை மாற்றி ‘பையர் சாம்பிள் சென்ட்’ என்று அடித்தார். பக்கத்து சீட்டுப் பையன் எட்டிப் பார்த்து, “இங்கிலீஷ்ல வெர்ப் நடுவுல வரோணுங்க்கா” என்று திருத்திக் கொடுத்தான். ‘பையர் சென்ட் சாம்பிள்’ என்று மெயில் போனது. பையிங் ஆபீஸ்காரர் படித்துவிட்டு, பையரே ஏதோ சாம்பிள் அனுப்பியிருக்கிறார், வரட்டும் என்று காத்திருந்தார். ரெண்டு நாள் போச்சு. மேனேஜரிடம் வாங்கிய திட்டு தனி.

அந்த அம்மிணி வேலை முடிந்து நான் நடத்துகிற ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாசுக்கு வருபவர். அன்றைக்கு உட்காரக்கூட இல்லை. “ஏனுங்க சார், மூணு வார்த்தையும் சரிதானுங்களே? அப்பறம் எங்கீங்க தப்பு?”

மூன்று வார்த்தையும் சரிதான். தொலைந்தது ஒரே ஓர் எழுத்து, ‘கு’. அந்த எழுத்து தமிழில் என்ன வேலை பார்க்கிறது, ஆங்கிலத்தில் அந்த வேலையை யார் பார்க்கிறார்கள் என்பது விளங்கிவிட்டால், ஆங்கில இலக்கணத்தில் ஆரம்பத்தில் கால் இடறும் இடங்களில் பாதிக்கு மேல் தானாகவே தெளிந்துவிடும்.

கட்டிங் வேஸ்ட் துணி மூன்று துண்டு எடுத்தேன். சாக்பீசால் ஒன்றில் ‘மயிலாத்தா’, இன்னொன்றில் ‘மாட்டை’, மூன்றாவதில் ‘கண்டுபிடித்தாள்’ என்று எழுதி மேசைமேல் போட்டேன். எப்படி வேண்டுமானாலும் மாற்றி வைக்கச் சொன்னேன். மூன்று துண்டை ஆறு விதமாக அடுக்கலாம். மாட்டை மயிலாத்தா கண்டுபிடித்தாள். கண்டுபிடித்தாள் மயிலாத்தா மாட்டை. அழுத்தம் மாறுகிறது, சிலது நாடக வசனம்போல ஒலிக்கிறது. ஆனால் ஆறிலும் தேடிப்போனவள் மயிலாத்தாதான், கிடைத்தது மாடுதான். மாட்டின் முதுகில் ‘ஐ’ என்று சூடு போட்டாயிற்று. வரிசையில் எங்கே நின்றாலும் அது அகப்பட்ட மாடு.

அடுத்து இன்னும் மூன்று துண்டு: ‘மயிலாத்தா’, ‘ஃபவுண்ட்’, ‘தி கவ்’. ‘மயிலாத்தா ஃபவுண்ட் தி கவ்’ என்றால் கதை சரி. முன்னதையும் பின்னதையும் இடம் மாற்றி ‘தி கவ் ஃபவுண்ட் மயிலாத்தா’ என்று வைத்தால், காணாமல் போனவள் மயிலாத்தா, தேடிக் கண்டுபிடித்தது மாடு! வார்த்தைகளில் ஒரு நூல்கூட மாறவில்லை. நின்ற இடம் மட்டும்தான் மாறியது. தமிழில் வேலை பார்ப்பது வார்த்தையின் வால். ஆங்கிலத்தில் வேலை பார்ப்பது வார்த்தை நிற்கிற இடம். ‘பையர்’ வெர்புக்கு முன்னால் போய் நின்றதுமே அனுப்பியவர் ஆகிவிட்டார். ‘கு’வின் வேலைக்கு ஆங்கிலத்தில் ‘டு’ என்றொரு ஆள் உண்டு. அதையும் கூப்பிட்டு, அனுப்பியது யார் என்பதையும் முதலில் நிறுத்தி, ‘வீ சென்ட் தி சாம்பிள் டு தி பையர்’ என்றிருந்தால் அந்த ரெண்டு நாள் மிஞ்சியிருக்கும்.

இந்த வால்களுக்குத்தான் நம் இலக்கணத்தில் வேற்றுமை உருபு என்று பேர். நன்னூல் எட்டு வேற்றுமை சொல்லும்; ‘ஐ’ இரண்டாவது, ‘கு’ நான்காவது. அந்த நூலை 13-ஆம் நூற்றாண்டில் எழுதிய பவணந்தி முனிவர் பெருந்துறைக்குப் பக்கத்துச் சீனாபுரத்துக்காரர் என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் மார்க்குக்காக மனப்பாடம் செய்து மறந்த சமாச்சாரம், மெயில் போடும்போது வந்து நிற்கும் என்று யார் நினைத்தார்கள்?

ஆங்கிலத்துக்கும் ஒரு காலத்தில் வால் இருந்தது. ஆயிரம் வருசத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் கல்லுக்கு ‘ஸ்டான்’ என்று பேர். கல்லினுடைய என்றால் ‘ஸ்டானெஸ்’, கல்லுக்கு என்றால் ‘ஸ்டானே’, கற்களுக்கு என்றால் ‘ஸ்டானும்’. இப்படி வால் இருந்தவரை வார்த்தைகளை இடம் மாற்றவும் ஓரளவு தாராளம் இருந்தது. அப்புறம் தேய ஆரம்பித்தது. அந்த மொழியில் அழுத்தம் வார்த்தையின் தலையில் விழும். கடைசி அசை முணுமுணுப்பாகிக் கரைந்துவிடும். ‘வருகிறது’ நம் வாயில் ‘வருது’ ஆனதும், ‘சொல்கிறேனுங்க’ என்பது ‘சொல்றனுங்’ என்று நிற்பதும் மாதிரித்தான். அதோடு 9-ஆம் நூற்றாண்டிலிருந்து வைக்கிங்குகள் என்ற வட ஐரோப்பியக் கடலோடிகள் இங்கிலாந்தில் வந்து குடியேறினார்கள். அவர்கள் பேச்சில் வேர்ச்சொல் ஏறக்குறைய ஒன்று, வால் வேறு. இரண்டு கூட்டமும் சந்தையில் பேசிக்கொள்ள, வாலை விட்டுவிட்டுத் தலையைப் பிடித்துக்கொள்வது சுலபமாக இருந்திருக்கும். 1066-இல் பிரான்சிலிருந்து வந்த நார்மன்கள் ஜெயித்து அரண்மனையில் பிரெஞ்சு ஏறிய பிறகு, ஆங்கிலத்தைப் பழைய எழுத்து முறைப்படி காப்பாற்றிவர ஆள் குறைந்துபோனது. வால் போகப் போக இடம் இறுகியது. மிச்சம் இருப்பது ஹீ – ஹிம், ஷீ – ஹெர் மாதிரிச் சில ஜோடிகள். ‘ஹிம்’ என்பது ‘அவனை’, ‘அவனுக்கு’ இரண்டும்தான்.

வினைச்சொல்லிலும் இதே கதை. ‘வந்தேன்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வந்தது நான் என்பது ‘ஏன்’ என்கிற வாலிலேயே இருக்கிறது. வந்தோம், வந்தாய், வந்தான், வந்தாள், வந்தது என்று ஆளுக்கொரு வால். ஆங்கிலத்தில் ‘கேம்’ என்றால் யாரும் வந்திருக்கலாம். அதனால் முன்னால் ஓர் ஆள் நின்றே ஆக வேண்டும். ஆளே இல்லாவிட்டாலும் நிற்க வேண்டும்! மழை பெய்கிறது என்பதற்கு ‘இட் இஸ் ரெயினிங்’ என்கிறார்கள். அந்த ‘இட்’ எது என்று தேடினால் கிடைக்காது. கூட்டமான டவுன் பஸ்ஸில் சன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்போம் இல்லையா, அந்தத் துண்டுதான் ‘இட்’. சீட்டு காலியாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான் கணக்கு.

நிகழ்காலத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரே வால் ‘ஹீ கோஸ்’ என்பதிலுள்ள அந்த ‘ஸ்’. எல்லா வாலும் போன வீட்டில் இது ஒன்று தங்கிவிட்டதால்தான் எல்லோரும் மறக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

கிளாசில் வாரம் தவறாமல் காதில் விழுவது ‘ஐ ஆம் கோ’, ‘ஐ ஆம் கம் ஃப்ரம் ஈரோடு’. இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். இது அறியாமை இல்லை, கணக்கு. ‘போகிறேன்’ என்பதில் ‘ஏன்’ இருக்கிறது, ஆங்கிலத்தில் நான் என்கிற ‘ஐ’ வந்தால் ‘ஆம்’ வருகிறது, ஆகவே ஏன் என்றால் ஆம். அப்படித்தான் மூளை ஜோடி சேர்க்கிறது. ஆனால் ‘ஆம்’, ‘இஸ்’, ‘ஆர்’ வால்கள் அல்ல, அவையே தனி வினைச்சொற்கள். ‘கோ’ என்கிற வினை ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிற சீட்டில் ‘ஆம்’ போய் அமர முடியாது. ‘கோ’ கொஞ்சம் ‘கோயிங்’ என்று நகர்ந்து இடம் கொடுத்தால்தான் முடியும்.

சரி, இந்த ‘ஆம்’, ‘இஸ்’ தேவைப்படுகிற இடத்தில் வருகிறதா என்றால், அங்கேதான் விட்டுவிடுகிறோம். ‘இவர் என்ற (என்னுடைய) மாமன்’ என்கிறோம். இரண்டு பெயரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தமிழில் வாக்கியம் முடிந்தது, பெயரே பயனிலை. ஆங்கிலத்தில் வினை இல்லாமல் வாக்கியம் நிற்காது. ‘ஹீ மை அங்கிள்’ என்று நாம் சொல்வதும், ‘ஐ ஆம் கோ’ என்பதும் ஒரே ஓட்டையின் இரண்டு பக்கம்.

இன்னொரு பெரிய தலைகீழ், வாக்கியத்தின் போக்கு. ‘ஈரோட்டிலிருந்து’ என்பது அங்கே ‘ஃப்ரம் ஈரோடு’. ‘மேசைமேல்’ என்பது ‘ஆன் தி டேபிள்’. நமக்குப் பின்னால் வருவது அவர்களுக்கு முன்னால். ஜோசப் கிரீன்பெர்க் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1963-இல் வெளியிட்ட கட்டுரையில் 30 மொழிகளை ஒப்பிட்டு, வினையைக் கடைசியில் வைக்கிற மொழிகள் பெரும்பாலும் இந்த ‘மேல்’, ‘இருந்து’ வகையறாவையும் பெயருக்குப் பின்னால்தான் வைக்கின்றன என்று காட்டினார். வினை முன்னால் நகர்ந்தால் இதுவும் முன்னால் நகர்கிறது. அதற்கப்புறம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மொழிகளைப் பார்த்துவிட்டார்கள், சாய்வு மாறவில்லை. வினையைக் கடைசியில் வைக்கும் நம் கட்சிக்குத்தான் எண்ணிக்கையும் கொஞ்சம் கூடுதல்.

கோயம்புத்தூரிலிருந்து அவிநாசி, விஜயமங்கலம், பெருந்துறை என்று ஈரோடு போகிற பஸ், திரும்பும்போது அதே ஊர்களைத் தலைகீழாகத் தொட்டு வரும் இல்லையா? ‘நேத்து ஈரோட்டுல வாங்குன மஞ்சளோட விலை’ என்பதை ஆங்கிலத்தில் சொல்ல, விலையில் ஏறி, மஞ்சள், வாங்கினது, ஈரோடு, நேற்று என்று திரும்பி வர வேண்டும். எல்லா ஸ்டாப்பிலும் இது நடக்காது. ‘சிவப்புச் சட்டை’ அங்கேயும் ‘ரெட் ஷர்ட்’தான். செய்கிறவர் இரண்டு மொழியிலும் முதலில்தான் நிற்கிறார். ஆனாலும் ஆரம்பத்தில் இந்த ரிட்டர்ன் பஸ் கணக்கு ரொம்பக் கைகொடுக்கும்.

கேள்வி கேட்பதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். நமக்கு ‘ஆ’ ஒன்று போதும். வந்தீங்களா, நேத்தா, மாடா என்று எதை வேண்டுமானாலும் பிடித்துக் கேட்கலாம். அங்கே மறுபடி இட மாற்றம்தான்: ‘ஹீ இஸ்’ என்பது ‘இஸ் ஹீ’ ஆகிறது. மற்ற வினைகளுக்கு ‘டூ’ வந்து முன்னால் நிற்கிறது. அதுவும் ஒரு துண்டுதான். சுமார் 400 வருசத்துக்கு முன்புவரை ‘கேம் ஹீ’ என்று துண்டு போடாமலும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மேலே ‘தி’ என்று ஒன்றைக் கண்டுகொள்ளாமல் விட்டேன். மாட்டுச் சந்தைக்குப் போய் வந்தவர் ‘மாடு வாங்கினேன்’ என்றால் ஏதோ ஒரு மாடு. ‘மாட்டை வாங்கினேன்’ என்றால், போன வாரம் பேசினோமே, அந்த மாடு. வித்தியாசம் எங்கே இருக்கிறது? அதே ‘ஐ’யில்தான். முன்னதற்கு ‘எ கவ்’, பின்னதற்கு ‘தி கவ்’. தமிழில் ‘எ’, ‘தி’ இல்லை என்று புத்தகத்தில் எழுதிவிடுகிறார்கள். பேர் இல்லையே தவிர, அந்த வேலையை நாம் தினம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். எங்கே ‘தி’ போடுவது என்று திணறுகிறவர்களிடம், தமிழில் ‘அந்த’ என்றோ ‘ஐ’ என்றோ நாக்கு தேடுகிறதா பாருங்கள் என்பேன். நூற்றுக்கு நூறு சரி வராது, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு போடுவதற்கு இது மேல். ‘தி’ பிறந்ததே ‘அந்த’ என்ற பொருளுடைய சொல்லிலிருந்து. ‘எ’ பிறந்தது ‘ஒன்று’ என்பதிலிருந்து.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அம்மிணி மெயிலைத் திருத்தி எழுதினார். எழுதி முடித்துவிட்டுப் பேனாவை வைக்காமல் உட்கார்ந்திருந்தார். “எல்லாம் சரிங் சார். இதுல ‘ங்க’ எங்க போடறதுங்க?”

கொங்கு நாட்டில் பிறந்தவர் கேட்க வேண்டிய கேள்விதான். ஆங்கிலத்திலும் நீ, நீங்கள் இரண்டும் இருந்தன. நீ என்பதற்கு ‘தௌ’. ‘யூ’ என்பது பன்மை. பிரெஞ்சுக்காரர்களைப் பார்த்து 13-ஆம் நூற்றாண்டிலிருந்து பெரிய மனிதர் ஒருவரைக்கூட ‘யூ’ என்று அழைக்க ஆரம்பித்தார்கள். மரியாதை பரவிப் பரவி, 17-ஆம் நூற்றாண்டு வாக்கில் ‘தௌ’ பொதுப் பேச்சிலிருந்து கழன்றுகொண்டது. ஜெபத்திலும் வடக்கே சில வட்டாரப் பேச்சிலும் மட்டும் தங்கியது. ஒரே ஆளைப் பார்த்துப் பேசும்போதும் ‘யூ இஸ்’ என்று வராமல் ‘யூ ஆர்’ என்று வருவது இதனால்தான். அது பன்மை வினை, அதாவது ‘இருக்கிறீங்க’. “அதனால ‘யூ’ன்னாலே ‘நீங்க’தான் அம்மிணி. தனியா ‘ங்க’ போட வேண்டாம்.”

கொஞ்ச நேரம் யோசித்தார். “அப்பொ அங்க நாயைக்கூட ‘வாங்க, போங்க’ன்னுதான் பேசறாங்களாங் சார்?”

“ஆமாங்க.”

“அட, நம்மூரு பரவால்லீங்,” என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.