எடோஷாவுக்கு வெயில்ல, கலஹாரிக்கு மழையில

ஆப்பிரிக்க சஃபாரி பத்தி யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான், மழை இல்லாத மாசத்துல போங்க, தண்ணி வத்திட்டா மிருகமெல்லாம் இருக்கிற கொஞ்ச நஞ்ச தண்ணிக்கு வந்தே ஆகணும், வண்டியை நிறுத்திட்டு உக்காந்தா போதும்னு சொல்லுவாங்க. நமீபியால இருக்கிற எடோஷா தேசியப் பூங்காவுக்கு இது நூத்துக்கு நூறு சரி. இதே கணக்கை நம்பி பக்கத்து நாடு போட்ஸ்வானால இருக்கிற சென்ட்ரல் கலஹாரி வனவிலங்குக் காப்பகத்துக்கு செப்டம்பர்ல போனீங்கன்னா பெரும்பாலும் மணலையும் முள்ளுச்செடியையும் பாத்துட்டு திரும்ப வேண்டியதுதான். ரெண்டுமே அரைப்பாலைவனம், மழை மாசமும் ஏறக்குறைய ஒண்ணுதான். அப்புறம் ஏன் தலைகீழா இருக்குன்னா, காலுக்கு அடியில இருக்கிற மண்ணுதான் காரணம்.

வானத்தை முதல்ல சீக்கிரமா முடிச்சிடறேன். பூமத்திய ரேகைக்குத் தெற்க இருக்கறதால அங்க ஜூன், ஜூலைதான் குளிர்காலம். அந்த மாசங்கள்ல காத்து மேல இருந்து அமுங்கி இறங்கிட்டே இருக்கும், அப்படி அமுங்குற காத்து சூடாகி காஞ்சு போறதால மேகமே கட்டாது, மேகம் இல்லாததால பகல்ல மண்ணு வாங்குன சூடு முழுக்க ராத்திரியே வானத்துக்குப் போயிடும், சுமார் 1,000 மீட்டர் உயரம் வேற, விடியக்காலைல கலஹாரி ஜீரோ டிகிரிக்குக் கீழயும் போகும். ஆப்பிரிக்கான்னா வெயில்தானேன்னு ஸ்வெட்டர் எடுக்காம போறவங்க காலைல திறந்த ஜீப்புல பல்லு தந்தியடிக்க உக்காந்திருப்பாங்க. அக்டோபர்ல அதே ஊரு 40 டிகிரியைத் தொடும். அதுக்கப்புறம் வடக்க இருந்து ஈரக்காத்து இறங்கி, ஏப்ரல் வரைக்கும் அப்பப்ப மத்தியானத்துக்கு மேல இடி மழை, அதுவும் இங்க கொட்டும், கொஞ்ச தூரம் தள்ளி ஒரு சொட்டு விழாது. போட்ஸ்வானா காசோட பேரே 'புலா', மழைன்னு அர்த்தம், வேற என்ன சொல்ல.

எடோஷா நடுவுல சுமார் 4,800 சதுர கிலோமீட்டருக்கு வெள்ளை வெளேர்னு உப்புத் தரை இருக்கு, அடியில களிமண். தெற்குப் பக்கம் சுண்ணாம்புப் பாறைக்குள்ள இறங்குன மழைத்தண்ணி நிலத்தடியில மெதுவா நகர்ந்து வந்து இந்தக் களிமண்ல முட்டும், அது உள்ள விடாது, வேற வழியில்லாம ஓரத்துல ஊத்தா மேல வரும். மழைக்காலத்துல எங்க பாத்தாலும் குட்டைங்கறதால ஒரு மிருகமும் ஊத்துப் பக்கம் தலை வச்சுப் படுக்காது. மே தாண்டி குட்டைங்க ஒவ்வொண்ணா வத்த வத்த கூட்டம் சேரும், மொபானே மரமும் இலையைக் கொட்டிடும், மறைவே இல்ல. வெள்ளை மண்ணைப் பூசிக்கிட்டு சுண்ணாம்படிச்ச சுவர் மாதிரி யானை வரும். ஒகாகுவேயோ முகாம் பக்கத்துல இருக்கிற வாட்டர்ஹோல்ல ராத்திரி லைட் எரியும், கறுப்புக் காண்டாமிருகம் அங்க வந்து நின்னு நிதானமா குடிக்கும்.

சென்ட்ரல் கலஹாரி 50,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல, பெரும்பகுதி ஆழமான மணல். பெய்யுற தண்ணி அப்படியே உள்ள போயிடும், ஊத்தும் கிடையாது, ஆளுங்க போட்டு வச்ச போர்வெல் தண்ணி அங்கங்க கொஞ்சம் இருக்கு, அவ்வளவுதான். ஆக மழை இல்லாத காலத்துல மிருகங்க கூடறதுக்கு இடமே இல்ல, அதனால எல்லாம் சிதறிப் போயிடும். குடிக்காமலே சமாளிக்கிறதுதான் இங்க பிழைக்கிற வழி. ஜெம்ஸ்பாக் மான் வேர்த்து தண்ணியை வீணாக்காம உடம்பு சூட்டை 40 டிகிரிக்கு மேலயும் ஏற விட்டுடும், மூளைக்குப் போற ரத்தம் மட்டும் மூக்குப் பக்கமா வர்ற குளிர்ந்த ரத்தத்தோட உரசிப் போய் சூடு தணிஞ்சுக்கும். தாகத்துக்கு சாமா தர்பூசணி, அதுல 90 சதவீதத்துக்கு மேல தண்ணிதான்.

மழை பெஞ்சா கதையே வேற. டிசெப்ஷன் வேலி மாதிரி செத்துப்போன ஆத்துப் படுகையில மணலுக்குப் பதிலா சத்துள்ள இறுகுன மண்ணு, அங்க குட்டையா ருசியான புல்லு முளைக்கும். அதுக்காக ஸ்பிரிங்பாக் மானும் ஜெம்ஸ்பாக்கும் நூத்துக்கணக்குல இறங்கி வரும், குட்டி போடும், பின்னாடியே கறுப்புப் பிடரி சிங்கமும் சீத்தாவும். புல்லு குட்டைங்கறதால எல்லாமே கண்ணுக்குத் தெரியும். அதே மண்ணு சேறாகி ஜீப்பையும் புடிச்சு வச்சுக்கும், அதுக்கும் தயாராத்தான் போகணும்.

என்னைக் கேட்டா சிங்கத்தை விட நமாகுவா கல்கவுதாரிதான் பாக்க வேண்டியது. காலைல தண்ணித்துறைக்கு கூட்டமா வரும், ஆண் பறவை தண்ணில வயித்தை அமுக்கி ஆட்டும். அந்த இடத்து இறகுல இருக்கிற நுண் இழைங்க காஞ்சிருக்கறப்ப சுருண்டு கிடக்கும், நனைஞ்சதும் விரிஞ்சு நிமிர்ந்து பஞ்சு மாதிரி தண்ணியைப் புடிச்சுக்கும், சுமார் 25 மில்லி. அதைச் சுமந்துகிட்டு தண்ணியே இல்லாத வெட்டவெளில இருக்கிற கூட்டுக்கு பல கிலோமீட்டர் பறந்து போய் நிமிர்ந்து நிக்கும், குஞ்சுங்க அப்பன் வயித்துக்கு அடியில கூடி இறகை அலகால உருவி உருவிக் குடிக்கும்.