தறிக்காரரிடம் 'ஏன்' கேட்டால் என்ன ஆகும்?

சேலம் அம்மாபேட்டையில் ஒரு தறிவீடு. முதுகலை படிக்கும் மாணவி ஒருத்தி, அச்சடித்த பதினெட்டுக் கேள்விகளோடு போய் உட்கார்ந்தாள். எதிரே நெசவாளர், அறுபதைத் தொட்ட வயது. முதல் கேள்வி: "உங்க பையன் ஏங்க தறிக்கு வரலை?"

"கூலி கட்டுப்படி ஆகலைங்கம்மா."

மிச்சமிருந்த பதினேழு கேள்விகளுக்கும் பதில் இதே நீளம்தான். பன்னிரண்டு நிமிடத்தில் பேட்டி முடிந்துவிட்டது. வாங்கி வந்த டீ இன்னும் ஆறவில்லை.

அவர் சொன்னது பொய்யல்ல. ஆனால் அதைத் தெரிந்துகொள்ள அம்மாபேட்டை வரை போக வேண்டியதில்லை. பண்புசார் ஆய்வு, அதாவது எண்ணிக்கையை விட்டுவிட்டு மனிதர்களின் அனுபவத்தைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் ஆய்வு, சொல்லிக்கொடுக்கும் எனக்கு இந்த விபத்து ஆண்டுதோறும் பழக்கம். கோளாறு பெரும்பாலும் அந்த 'ஏன்' என்ற ஒரே சொல்லில்தான்.

1977இல் ரிச்சர்ட் நிஸ்பெட், திமோதி வில்சன் என்ற இரு உளவியலாளர்கள் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அதில் ஒரு சோதனை: கடைக்கு வந்தவர்கள் முன்னால் நான்கு ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து, எது தரமானது என்று கேட்டார்கள். நான்கும் ஒரே சரக்கு. ஆனாலும் இடது கோடியில் இருந்ததைவிட வலது கோடியில் இருந்ததைக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு பேர் தேர்ந்தெடுத்தார்கள். காரணம் கேட்டபோது, வைத்த இடத்தை ஒருவர்கூடச் சொல்லவில்லை. இடம்தான் காரணமாக இருக்குமோ என்று நேரடியாகக் கேட்டாலும் ஏறக்குறைய எல்லோருமே மறுத்தார்கள். நாம் செய்ததற்கான காரணம் நமக்கே பல நேரம் தெரியாது. கேட்டால், ஊரில் செல்லுபடியாகும் காரணம் ஒன்றை எடுத்து நீட்டிவிடுவோம். 'கூலி கட்டுப்படி ஆகலை' அப்படி எப்போதும் கைவசம் இருக்கும் பதில்.

தமிழில் இன்னொரு தொல்லையும் உண்டு. 'ஏன் லேட்டு?', 'ஏன் மார்க் குறைஞ்சுது?' என்று வளர்ந்தவர்கள் நாம். 'ஏன்' காதில் விழுந்தாலே பதில் சொல்வதை விட்டுவிட்டுச் சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுவோம்.

ஆக, ஆய்வுக் கேள்வி வேறு, வாயால் கேட்கும் கேள்வி வேறு. 'இளைஞர்கள் நெசவை ஏன் விடுகிறார்கள்?' என்பது நோட்டில் இருக்கட்டும். அவரிடம் கேட்க வேண்டியது: "உங்க பையன் கடைசியா தறியில உக்காந்த நாள் ஞாபகம் இருக்குங்களா? அன்னைக்குக் காலையில இருந்து என்ன நடந்துச்சு?" காரணம் தெரியாதவருக்கும் நடந்தது தெரியும். ஒரு குறிப்பிட்ட நாளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் ஆள், இடம், சண்டை எல்லாம் பின்னாலேயே வரும்.

எங்கே உட்கார்ந்து கேட்கிறோம் என்பதும் முக்கியம். 1975இல் காடன், பேட்லி என்ற உளவியலாளர்கள் இருவரும் முக்குளிப்பவர்களைச் சொற்பட்டியல் மனப்பாடம் செய்ய வைத்தார்கள். தண்ணீருக்குள் படித்தது தண்ணீருக்குள்ளும், கரையில் படித்தது கரையிலும்தான் நன்றாக நினைவுக்கு வந்தது. ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கும் அம்மாவிடம் செடிகளுக்கு நடுவே நடந்தபடி கேட்பது, அலுவலக நாற்காலியில் உட்கார வைத்துக் கேட்பதைவிடப் பலன் தருவது இதனால்தான். தறிவீட்டில் மட்டும் ஒரு சிக்கல்: ஓடுகிற தறிக்குப் பக்கத்தில் வைத்த ரெக்கார்டரில் தறி மட்டும்தான் பேசும். முதலில் தறியருகே நின்று பாவு நூலையும் (நீளவாக்கில் ஓடும் இழை) நாடாவையும் (குறுக்கு இழையைக் கொண்டுபோகும் கட்டை) காட்டச் சொல்லுங்கள், பிறகு திண்ணைக்கு வாருங்கள்.

சொல்லையும் அளந்து போட வேண்டும். எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர் 1974இல் செய்த சோதனையில், கார் விபத்துப் படம் பார்த்த மாணவர்களில் 50 பேரிடம் கார்கள் 'மோதி நொறுங்கியபோது' என்ன வேகம் என்றும், வேறு 50 பேரிடம் 'இடித்தபோது' என்ன வேகம் என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாக முதல் குழுவில் 16 பேரும் இரண்டாவதில் 7 பேரும் சொன்னார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. 'நெசவுத் தொழில் நசிஞ்சு போனப்ப' என்று நாம் ஆரம்பித்தால், நசிவு நாம் கொண்டுபோய் வைத்த கண்ணாடி. 'கஷ்டம்தானே?' என்பதில் வரும் 'தானே'யும் அப்படித்தான். மரியாதை தெரிந்த நம் ஊர்க்காரர் "ஆமாங்க" என்றுதான் சொல்வார்.

இவ்வளவும் சரியாக அமைந்தாலும் பேட்டியைக் கெடுக்க இன்னொன்று இருக்கிறது: நம் வாய். பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009இல் வந்த ஆய்வில் (தமிழ் அதில் இல்லை), கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே சராசரி இடைவெளி சுமார் 0.2 விநாடி. இதற்குப் பழகிய நமக்கு இரண்டு விநாடி மௌனமே தாங்காது. அடுத்த கேள்வியை எடுத்துவிடுவோம். வகுப்பறைகளை ஆராய்ந்த மேரி பட் ரோ, கேட்டபின் ஒரே விநாடி காத்திருந்த ஆசிரியர்கள் அதை மூன்று விநாடி ஆக்கியதும் பிள்ளைகளின் பதில் நீண்டதைக் கண்டார். வீட்டில் சௌராஷ்டிரமோ தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டு நம்மிடம் தமிழில் பதில் சொல்லும் நெசவாளர்கள் சேலத்தில் உண்டு. அவர்களுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் கொடுங்கள்.

எத்தனை பேரைப் பார்ப்பது? புதிய சங்கதி வருவது நிற்கும்வரை. கானா, நைஜீரியாவில் 60 பெண்களின் நேர்காணல்களை அலசிய கிரெக் கெஸ்ட் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2006இல் கண்டது: கானாவின் 30 நேர்காணல்களில் கிடைத்த மொத்தக் கருத்துகளில் 73 சதவீதம் முதல் ஆறு பேரிடமே வந்துவிட்டது, பன்னிரண்டில் 92. ஆனால் அவர்கள் பேட்டி கண்டது ஒரே மாதிரிச் சூழலில் உள்ளவர்களை. தறிக்காரர், அவர் மனைவி, தொழிலை விட்ட மகன் என்று மூன்று தரப்பையும் கேட்பதானால் பன்னிரண்டு போதாது.

அந்த மாணவி இரண்டாம் முறை போனாள், நான்கே கேள்விகளோடு. ஐம்பது நிமிடம் பதிவானது. அதை எழுத்தாக்க ஒரு முழு நாள் போயிற்று. ஆனால் முக்கியமான வாக்கியம் பதிவில் இல்லை. ரெக்கார்டரை நிறுத்திவிட்டு அவள் செருப்பு மாட்டும்போது நெசவாளர் சொன்னார்: "பையனுக்குப் பொண்ணு பாக்கப் போனோம். தறின்னு சொன்னதும் அவங்க மூஞ்சியே மாறிடுச்சு. வீட்டுக்கு வந்தவன் அப்புறம் தறிக்குழியில எறங்கவே இல்லைம்மா."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கேட்டாள்: "இதை எழுதிக்கலாமுங்களா, ஐயா?"

கொஞ்ச நேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். "எழுதிக்க கண்ணு. பேரு மட்டும் போடாத."