ஒரு பந்தி வாசிப்பவரின் மனதில் என்ன செய்கிறது?

மட்டக்களப்பில் பள்ளிக்கூடம் போன பலரும் ஒரு தடவையாவது ‘எங்கள் வாவி’ என்று கட்டுரை எழுதியிருப்பார்கள். பாடும் மீன், கல்லடிப் பாலம், தோணி, இறால், நண்டு, மாரி வெள்ளம் எல்லாம் அதில் வந்துவிடும். சொல்ல விஷயம் இல்லாமல் எந்தப் பிள்ளையும் தவிப்பதில்லை. எழுத்துப்பிழை இருக்காது, தகவலும் சரியாக இருக்கும். ஆனாலும் வாசித்து முடித்தால் வாவியைப் பற்றி எதுவும் மனதில் நிற்காது. குறை பந்திகளில்தான் இருக்கிறது. ‘முன்னுரை, உள்ளடக்கம், முடிவுரை’ என்று சொல்லிக்கொடுப்பதோடு நாம் நிறுத்திவிடுகிறோம். பந்தி ஏன் ஒரு ஒழுங்கில் அமைய வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்வதே இல்லை. காரணம் வாசிப்பவரின் ஞாபகத்தில் இருக்கிறது.

வாசிக்கும் நேரத்தில் மனம் பிடித்துவைத்திருக்கக்கூடியது மிகக் கொஞ்சம். ஒரே நேரத்தில் ஏழு விடயங்கள் அளவில் என்று 1956இல் உளவியலாளர் ஜோர்ஜ் மில்லர் எழுதினார். நாலுக்குக் கிட்டத்தான் வரும் என்று 2001இல் நெல்சன் கோவன் அதைக் குறைத்தார். அப்படியென்றால் ஒரு முழுப்பக்கக் கட்டுரையை எப்படி விளங்கிக்கொள்கிறோம்? இதற்கு வால்டர் கின்ட்ஷும் வான் டைக்கும் 1978இல் ஒரு விளக்கம் தந்தார்கள். வாசகர் சில கருத்துகளை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு, அடுத்த வசனத்தில் வருவதை அவற்றோடு பொருத்திப் பார்க்கிறார். பொருந்தினால் வாசிப்பு ஓடும். பொருந்தாவிட்டால் முன்னே வாசித்ததைத் தேடிப் போகவேண்டும், அல்லது தொடர்பைத் தானே ஊகிக்கவேண்டும்.

அந்த ஊகத்துக்கும் நேரம் பிடிக்கும். 1974இல் ஹவிலண்டும் கிளார்க்கும் இதை அளந்து பார்த்தார்கள். ‘வண்டியிலிருந்து பியரை எடுத்தோம்’ என்ற வசனத்துக்குப் பின் ‘பியர் சூடாக இருந்தது’ என்று வந்தால் சட்டென்று விளங்குகிறது. ‘சுற்றுலாச் சாமான்களைச் சரிபார்த்தோம்’ என்பதற்குப் பின் அதே வசனம் வந்தால், சாமான்களுக்குள் பியரும் இருந்திருக்கிறது என்று மனம் முதலில் ஒரு பாலம் போடவேண்டும். அதனால் சற்றுத் தாமதமாகிறது. ஒரு வசனத்தில் இது பெரிய விஷயமில்லை. பந்தி முழுக்க இப்படியே போனால் வாசகர் களைத்துவிடுவார்.

சரி, ஒரு பந்தியையே பார்ப்போம்:

“மட்டக்களப்பு வாவி அழகானது. அதன் முகத்துவாரம் பாலமீன்மடுவில் உள்ளது. மாரியில் வெள்ளம் வரும். இறால் குஞ்சுகள் கடலிலிருந்து வருகின்றன. கோடையில் மணல் சேரும்.”

ஒவ்வொரு வசனமும் உண்மை. ஆனால் ஒன்றுக்கொன்று உறவில்லை. அதே விஷயத்தை இப்படி எழுதலாம்:

“வாவித் தண்ணீர் வருடம் முழுக்க ஒரே மாதிரி இருப்பதில்லை, முகத்துவாரம் திறப்பதும் மூடுவதும் அதற்கு ஒரு முக்கிய காரணம். கோடையில் கடல் அலைகள் பாலமீன்மடு முகத்துவாரத்தில் மணலைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. அந்த மணல் மேடாகி வழியை அடைக்கிறது. அடைபட்ட வாவிக்குள் மாரி மழை நிறையும்போது கரையோரத் தாழ்நிலங்கள் மூழ்குகின்றன. அந்த வெள்ளம் வடிய மணல்மேட்டை வெட்டிவிடுகிறார்கள். வெட்டிய வழியால் வெள்ளம் கடலுக்குப் போகிறது. பிறகு அதே வழியால் உப்புத் தண்ணீரும் இறால் குஞ்சுகளும் உள்ளே வருகின்றன.”

இங்கே ஒரு வசனம் முடியும் இடத்தில் அடுத்தது தொடங்குகிறது. மணல், அந்த மணல். அடைக்கிறது, அடைபட்ட வாவி. வெட்டிவிடுகிறார்கள், வெட்டிய வழி. தெரிந்தது முன்னால், புதியது பின்னால். தமிழில் இது சுலபம், ஏனென்றால் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டியிருப்பதால் சொல்லை முன்பின்னாக நகர்த்தினாலும் பொருள் கெடுவதில்லை. இந்தச் சுதந்திரத்தை நாம் போதுமான அளவு பயன்படுத்துவதில்லை. மறுபக்கம், தமிழ் வினைமுற்றைக் கடைசியில்தான் தருகிறது. எச்சங்களை அடுக்கிக்கொண்டே போனால் அந்த வினை வரும்வரை வாசகர் எல்லாவற்றையும் சுமக்கவேண்டும். எழுவாய்க்கும் வினைக்கும் நடுவில் இரண்டு வரி நுழைந்துவிட்டால் வசனத்தை உடைத்துவிடுங்கள்.

பந்தியின் முதல் வசனத்துக்குத் தனி வேலை உண்டு. பிரான்ஸ்போர்டும் ஜோன்சனும் 1972இல் உடுப்புத் துவைப்பதைப் பற்றிய ஒரு பந்தியை, துவைத்தல் என்ற சொல்லே வராமல் எழுதி வாசித்துக் காட்டினார்கள். தலைப்பை முன்னரே அறிந்தவர்கள், அறியாதவர்களைவிட ஏறத்தாழ இருமடங்கு கருத்துகளை நினைவில் வைத்திருந்தார்கள். கேட்டு முடித்தபின் தலைப்பைச் சொன்னதால் பயன் இல்லை. ‘வாவி அழகானது’ என்று தொடங்கும் பந்தி அடுத்து எதைச் சொல்லப்போகிறது என்று யாருக்குத் தெரியும்?

முழுக் கட்டுரைக்கும் இதே கணக்குத்தான். விவரங்கள் மறந்துபோகும், ஒவ்வொரு பந்தியின் சாரமும்தான் மிஞ்சும். எழுதி முடித்ததும் பந்திக்கு ஒரு வரி வீதம் சாரத்தைக் கொப்பியில் எழுதி, அந்த வரிகளை மட்டும் வாசித்துப் பாருங்கள். ஒரு பந்திக்கு இரண்டு வரி தேவைப்பட்டால் அது இரண்டு பந்தி.

ஆனால் எல்லா இடைவெளியையும் அடைப்பதும் நல்லதல்ல. 1996இல் மக்னமாராவும் கின்ட்ஷும் குழுவினரும் கண்டது இது: விஷயம் தெரியாதவர்களுக்குத் தொடர்புகளை விளக்கிச் சொல்லும் எழுத்து உதவியது, தெரிந்தவர்களோ, தாங்களே நிரப்பவேண்டிய இடைவெளியுள்ள எழுத்திலிருந்து ஆழமாக விளங்கிக்கொண்டார்கள். பாலமீன்மடுவில் வலை வீசுபவருக்கு எழுதும்போது மணல் எப்படிச் சேர்கிறது என்ற வசனத்தை எடுத்துவிடலாம். கண்டியில் இருப்பவருக்கு எழுதினால், முகத்துவாரம் என்றால் என்ன என்பதற்கே அதன் முன்னால் இன்னொரு வசனம் வேண்டும்.